தலை மாறிய ரஷ்யர்கள்

ஓர் அங்குலப் படைவீரனைத் தேடிப் பிடித்து, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி முடிப்பதற்குள் ஒரு சரித்திரப் பாடமே நடந்துவிடுகிறது.

ஓர் அங்குல உயரமுள்ள ரஷ்யப் படைவீரன் பெங்களூரு ஸ்ரீராம்புரத்துக்கு வந்து சேருவது லேசான காரியமல்ல. மாஸ்கோவுக்கு வடக்கே லோப்னியா என்ற ஊரில், ஸ்வெஸ்தா என்ற நிறுவனத்தின் அச்சில் அவன் பிறக்கிறான். நாற்பது சகாக்களோடு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு, கைக்கு அடக்கமான அட்டைப் பெட்டியில் அடைபட்டு, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையின் அலமாரியில் கொஞ்ச காலம் காத்திருந்து, கடல் கடந்து, சுங்கம் தாண்டி வருகிறான். இவ்வளவு பாடுபட்டு வந்தவனுக்கு இங்கே நடக்கும் முதல் மரியாதை, தலையைச் சீவுவது.

சீவுகிறவர் குழந்தை அல்ல. சரித்திரப் போர் விளையாட்டு என்ற பொழுதுபோக்கில் இறங்கிய பெரியவர். உலகம் முழுவதும் இவர்கள் உண்டு. இந்தியாவில் இந்த விளையாட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சந்தை கிடையாது. அதனால்தான் இங்கே பொம்மையைத் தேடுவதும், கிடைத்ததை வேண்டியபடி மாற்றிக்கொள்வதும் விளையாட்டில் பாதியாகிவிடுகின்றன.

விளையாட்டின் மீதிப் பாதி மேஜை மீது நடக்கிறது. பச்சைத் துணி வயல்வெளியாகிறது. அட்டையில் வெட்டிய வீடுகள் கிராமமாகின்றன. ஒரு பக்கம் நெப்போலியன் படை, மறுபக்கம் குதுசோவின் ரஷ்யப் படை. காலாட்படை ஒரு முறைக்கு இத்தனை அங்குலம் நகரலாம், குதிரைப்படை அதைவிட அதிகம், துப்பாக்கிக் குண்டு இவ்வளவு தூரம் பாயும் என்று விதிகள் உண்டு. அளக்க இன்ச் டேப். குண்டு பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். சதுரங்கத்தில் சிப்பாய்க்குப் பயம் வராது. இங்கே வரும். பக்கத்துப் பட்டாளம் சிதறி ஓடுவதைப் பார்த்தால் நம் பட்டாளமும் ஓடுமா, நிற்குமா என்று அதற்கும் ஒரு பகடை உருட்டியாக வேண்டும்.

வம்சாவளி பார்த்தால் இது நம் ஊர்ச் சரக்குதான். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்திய சதுரங்கம் மேற்கே போய் செஸ் ஆனது. ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக் 1780ல் செஸ் பலகையைப் பெரிதாக்கி, நிலப்பரப்பு, பீரங்கி எல்லாம் சேர்த்துப் போர் விளையாட்டாக்கினார். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824ல் கட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, நிஜ வரைபடத்தின் மேல் ஆடும் விதிகளை அச்சிட்டார். பிரஷ்ய ராணுவம் அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் ஈய பொம்மைகளையும் ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியையும் கொண்டு தரையில் உட்கார்ந்து ஆடும் முறையை எழுதினார். ராணுவத்தின் அறையில் இருந்த ஆட்டம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

ரஷ்யர்களுக்கும் பொம்மைப் படைக்கும் உறவு பழையது. பீட்டர் சக்கரவர்த்தி சிறுவனாக இருந்தபோது தோழர்களையும் வேலைக்காரப் பையன்களையும் திரட்டி விளையாட்டுப் படை அமைத்தார். அந்த விளையாட்டிலிருந்து வளர்ந்தவைதான் ரஷ்யாவின் புகழ்பெற்ற பிரியோப்ரஜென்ஸ்கி, செமியோனோவ்ஸ்கி காவல் படைகள். அவருடைய பேரன் மூன்றாம் பீட்டர் வளர்ந்த பிறகும் பொம்மைகளை விடவில்லை. மாவால் செய்த இரண்டு காவல் வீரர்களை எலி தின்றுவிட்டதாம். எலிக்கு ராணுவச் சட்டப்படி தூக்குத் தண்டனை நிறைவேற்றினார் என்று அவர் மனைவி கேத்தரின் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அந்த மனைவிதான் பிறகு கணவரைக் கவிழ்த்து மகாராணி ஆனவர் என்பதால், சாட்சியத்தைச் சற்று ஜாக்கிரதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் ரஷ்யர்கள்?

நெப்போலியன் காலத்தை ஆட நினைப்பவருக்கு ரஷ்யர்களைத் தவிர்க்க முடியாது. ஆஸ்டர்லிட்ஸ், ஃபிரீட்லாண்ட், போரோடினோ, லைப்ஸிக் என்று பெரிய களங்களில் எல்லாம் அவர்கள் நிற்கிறார்கள். தமிழ் வாசகருக்கும் அவர்கள் அந்நியரல்ல. டால்ஸ்டாயின் பெருநாவலை டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று மொழிபெயர்த்த நாளிலிருந்து போரோடினோ நம் ஊர் நூலகங்களிலும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டால் தலை சுற்றும். 1812 செப்டம்பர் 7ம் தேதி போரோடினோவில் ரஷ்யத் தரப்பில் சுமார் 1,20,000 பேர் நின்றார்கள். முப்பது நிஜ வீரர்களுக்கு ஒரு பொம்மை என்று வைத்தாலும் 4,000 பொம்மைகள் வேண்டும். பெட்டிக்கு நாற்பது என்றால் 100 பெட்டிகள். அதுவும் ஒரு தரப்புக்கு மட்டும். எனவே புத்திசாலிகள் போரோடினோ முழுவதையும் ஆடுவதில்லை. ஒரு மண் அரண், ஒரு கிராமம், நாலைந்து பட்டாலியன் என்று ஒரு மூலையை எடுத்துக்கொள்கிறார்கள். 600 பேர் கொண்ட பட்டாலியனுக்கு 20 பொம்மை போதும். மில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாகக் குடியேறிய ஸ்ரீராம்புரத்தின் வீடுகளில் ஆறடிக்கு நாலடி மேஜை போட இடம் கிடைப்பதே பெரிய விஷயம். மொட்டை மாடி இருந்தால் கொடுத்து வைத்தவர்.

பொம்மையின் அளவு நிஜத்தில் 72ல் ஒரு பங்கு. ஐந்தேமுக்கால் அடி மனிதன் 24 மில்லிமீட்டராகிறான். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959ல் இந்தச் சிறிய அளவில் பிளாஸ்டிக் வீரர்களை விற்கத் தொடங்கியபோதுதான் ஈய பொம்மை வாங்க வசதியில்லாதவர்களுக்கும் படை கட்டும் வழி பிறந்தது. இன்று ரஷ்யாவின் ஸ்வெஸ்தாவைப் போல வேறு பல நாடுகளின் நிறுவனங்களும் இந்த அளவில் ரஷ்ய வீரர்களை வார்க்கின்றன.

சுங்கமும் சண்டையும்

வாங்குவதில் சிக்கல் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது உள்நாட்டுத் திசை. பொம்மை இறக்குமதிக்கு இருந்த 20 சதவீத சுங்க வரியை மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 60 சதவீதமாக்கியது, 2023ல் 70. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயமானது. மலிவான இறக்குமதிகளிடமிருந்து உள்நாட்டுத் தொழிலைக் காப்பது நோக்கம். பெங்களூருக்குப் பக்கத்திலேயே சென்னபட்டணத்தில் மரப் பொம்மை கடையும் கைவினைஞர்கள் இருக்கும்போது அந்த நோக்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் சுங்கப் பட்டியலில் பொம்மையும், அளவு குறைத்த மாதிரி உருவங்களும் 9503 என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. நடுவயதுக்காரர் ஆராய்ந்து வாங்கும் 1812ம் வருட ரஷ்ய கிரனேடியரும், கிலுகிலுப்பையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல் நிஜ ரஷ்ய வீரர்களால் வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. ரஷ்யக் கடைக்கு நேரடியாகப் பணம் கட்டும் வழி பலருக்கும் அடைபட்டது. வேடிக்கை என்னவென்றால், மாதிரி உருவங்கள் செய்வதில் பேர் பெற்ற இன்னொரு நிறுவனமான ஐ.சி.எம். இருப்பது உக்ரைன் தலைநகர் கீவில். முதல் உலகப் போர்க்கால ரஷ்யக் காலாட்படையை, இதைவிடப் பெரிய அளவில், அதுவும் விற்கிறது. ஏவுகணை விழும் நகரத்தில் ரஷ்ய வீரனை வார்த்துப் பெட்டியில் போட்டு விற்க வேண்டிய நிலை. சரித்திரம் சில சமயம் இப்படியெல்லாம் கூடக் கிண்டல் செய்யும்.

விளைவு, கையில் கிடைத்த ஒரே பெட்டியை வைத்துப் பல படைகளைக் கட்டியாக வேண்டும். இங்கேதான் உருமாற்றம் என்கிற கலை நுழைகிறது.

கத்தி, எம்-சீல், ஊசி

வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் விசேஷப் பசைகளுக்கும் களிமண்ணுக்கும் அலைய வேண்டியதில்லை. ஸ்ரீராம்புரத்திலிருந்து மெட்ரோ ரயிலில் மூன்றாவது நிலையம் சிக்பேட்டை. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அவென்யூ ரோடும் எஸ்.பி. ரோடும். ஒன்றில் தூரிகையும் காகிதமும், இன்னொன்றில் மெல்லிய கம்பியும் சின்ன அரமும் கிடைக்கும். மீதி எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

வந்தவனை முதலில் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கும். அது போகாவிட்டால் வண்ணம் ஒட்டாது. அடுத்து பிளாஸ்டிக் எந்த ஜாதி என்று பார்க்க வேண்டும். கெட்டியான பாலிஸ்டைரீன் என்றால் பிரச்னை இல்லை. வெட்டலாம், தேய்க்கலாம், ஒட்டலாம். வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீன்தான் தகராறு. பசை பிடிக்காது, அரம் போட்டால் நார் நாராகப் பிரியும், பூசிய வண்ணம் துப்பாக்கியை லேசாக வளைத்தாலே உதிரும்.

அதற்கும் வழி உண்டு. கூரிய பிளேடால் கழுத்தை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். குண்டூசியைச் சுட வைத்துக் கழுத்துக்குள் இறக்கி, தலைப்பக்கத்தை நறுக்கிவிட்டு, மேலே வேறு தலையைச் செருக வேண்டும். பசை கைவிட்டாலும் ஊசி கைவிடாது. அதே முறையில் கையை மாற்றலாம், துப்பாக்கி பிடித்தவனைக் கொடி பிடிக்க வைக்கலாம். குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீலைப் பிசைந்து, இறுகுவதற்குள் ஊசி முனையால் இழுத்தால் சுருட்டிய மேலங்கி, முதுகுப் பை, தலைப்பாகை எல்லாம் வரும். விரலையும் ஊசியையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. குதிரைப்படை கொஸாக்கின் ஈட்டி நிஜத்தில் சுமார் மூன்று மீட்டர். பொம்மைக்கு நாலு சென்டிமீட்டர் கம்பித் துண்டு. துடைப்பத்தின் ஈர்க்குச்சியைச் சீவினாலும் பாதகமில்லை.

வண்ணத்துக்கு முன் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு. அது காய்ந்து மெல்லிய தோலாகிவிடும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் பூசினால் வளைந்தாலும் உதிராது. ரஷ்யக் கோட்டு கறுப்போடு போட்டி போடும் கரும்பச்சை. ஆனால் அப்படியே பூசினால் பொம்மை கரிக்கட்டையாகத் தெரியும். உருவம் சிறுக்கச் சிறுக்க நிறம் இருண்டு தெரிவதால் கொஞ்சம் வெளுப்பாகவே கலக்க வேண்டும். கொலுவுக்கு முன் பழைய செட்டியார் பொம்மைக்கு வண்ணம் புதுப்பித்த கை என்றால் இதெல்லாம் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் கிடைக்கவில்லை என்று பழைய பேட்டரி ஈயத்தைச் சமையலறையில் உருக்கி வார்க்கும் யோசனை மட்டும் கூடாது. வெற்றிடம் விட்டு வார்க்கும் முறையை 1893ல் கண்டுபிடித்துப் பொம்மைப் படைகளுக்கே பேர்போன பிரிட்டன்ஸ் நிறுவனம், 1966ல் ஈயத்தை அடியோடு கைவிட்டது. குழந்தைகளின் மூளையை ஈயம் பாதிக்கும் என்ற பயம்தான் காரணம். அந்த அபாயத்தை இந்தியாவுக்கு உரக்கச் சொன்னதும் பெங்களூருதான். இங்குள்ள ஜார்ஜ் பவுண்டேஷன் 1990களின் பிற்பகுதியில் ஏழு நகரங்களில் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அன்று அபாய எல்லை என்று கருதப்பட்டதைவிட அதிக ஈயம் இருந்தது.

தொப்பி என்ன சின்ன விஷயமா?

உருமாற்றத்தில் முக்கால்வாசி வேலை தலையில்தான். ரஷ்யக் காலாட்படையின் உருளைத் தொப்பி 1812ல் மாறியது. மேல்பாகம் நடுவில் குழிந்த 'கீவெர்' வந்தது. முந்திய வருடங்களின் போர்களை ஆடுகிறவர் அந்தக் குழிவை எம்-சீலால் நிரப்பி மட்டமாக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் வேலை. எதிரே உட்கார்ந்து ஆடுகிறவருக்குக் கூடத் தெரியாது. பிறகு எதற்கு இந்த அவஸ்தை என்று கேட்கலாம்.

பாவ்லோவ்ஸ்கி கிரனேடியர்களின் கதை அதற்குப் பதில் சொல்லும். மற்றப் படைகள் எல்லாம் புதிய தொப்பிக்கு மாறியபோது இவர்கள் மட்டும் முன்பக்கம் உயர்ந்த பித்தளைத் தகடு வைத்த பழைய கூம்புத் தொப்பியை அணிந்திருந்தார்கள். 1807 ஜூன் 14ல் ஃபிரீட்லாண்ட் போரில் ரஷ்யா தோற்றது. ஆனால் இந்தப் படை அசையாமல் நின்று அடி வாங்கியது. மரியாதையாக, அந்தத் தொப்பிகளைப் போர்க்களத்திலிருந்து வந்த கோலத்திலேயே, குண்டு துளைத்த ஓட்டைகளோடு அணியலாம் என்று அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தி 1808ல் உத்தரவிட்டார். அன்று அவற்றை அணிந்திருந்த வீரர்களின் பெயர்கள் தகடுகளில் பொறிக்கப்பட்டன. ஆள் போன பிறகும் ஓட்டையும் பெயரும் அடுத்தவன் தலைக்குப் போயின. 72ல் ஒரு பங்கு கணக்கில் அந்த ஓட்டை சுமார் கால் மில்லிமீட்டர். மெல்லிய ஊசி நுனியால் ஒரு குத்து. குத்துகிறவருக்கு மட்டும் தெரியும், அது யாரோ ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டை என்று.

தொப்பி உயிர்ப் பிரச்னையாகும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு ரஷ்யா வந்து சொல்ல வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடாக் 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகையை அறிமுகம் செய்தார். ஐரோப்பியத் தொப்பி மாதிரி இருந்தது. அதில் தோலில் செய்த குஞ்சம் வேறு. நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளும் சேர்ந்துகொண்டன. 1806 ஜூலை 10ம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி வந்து அன்றே அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். திப்புவின் வாரிசுகள் கோட்டையில் இருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தலைப்பாகை உத்தரவு வாபஸானது. கிரடாக்கும், கவர்னர் வில்லியம் பென்டிங்கும் பதவியிழந்து ஊர் திரும்பினார்கள்.

வராத சிப்பாய்

அந்த வேலூர்ச் சிப்பாய் எந்தப் பெட்டியில் வருகிறான்? 1812ம் வருட ரஷ்யனைத் தேடினால் காலாள், கிரனேடியர், கொஸாக், பீரங்கிக்காரன் என்று வகை வகையாகப் பட்டியல் நீளும். சென்னைப் படைச் சிப்பாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இது இன்று நேற்றைய ஓரவஞ்சனை அல்ல. வின்ஸ்டன் சர்ச்சில் 1896ல் குதிரைப்படை அதிகாரியாக பெங்களூருக்கு வந்தவர். சிறுவயதில் அவரிடம் ஏறத்தாழ 1,500 பொம்மை வீரர்கள் இருந்தார்கள். அத்தனையும் பிரிட்டிஷ் படை. தம்பி ஜாக்குக்கு எதிரிப் படை. இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். தம்பியின் படையில் கறுப்பு, பழுப்பு நிறத்தவர்கள் மட்டுமே இருக்கலாம். பீரங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பொம்மைகள்தான் தன் வாழ்க்கையின் திசையைத் திருப்பின என்று சர்ச்சில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யார் படைவீரன், யார் சுடப்படுவதற்காக நிறுத்தப்பட்டவன் என்பது குழந்தைகளின் அறையிலேயே முடிவாகிவிட்டது.

ஆனால் தலையை மாற்றக் கற்றவருக்குப் பெட்டி போட்ட எல்லை ஒரு பொருட்டல்ல. ரஷ்யனின் கீவெரைச் சீவிவிட்டு எம்-சீலில் தலைப்பாகை சுற்றலாம். நீண்ட காற்சட்டையைத் தொடையோடு நிறுத்திக் கீழே காலைத் தேய்த்து வெறுங்காலாக்கலாம். கரும்பச்சைக்குப் பதில் சிவப்பு. துப்பாக்கியும் குறுக்குப் பட்டையும் அப்படியே பொருந்தும். தலைப்பாகையின் உயரம், காற்சட்டை விளிம்பின் நிறம் போன்றவற்றுக்குப் பழைய சித்திரங்களைப் பார்க்க வேண்டும். நியூயார்க் பொது நூலகம் தன்னிடமுள்ள ராணுவ உடைச் சித்திரங்களின் பெருந்தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. ரஷ்யனும் சிப்பாயும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.

போர்க்களத்துக்கும் தூரம் போக வேண்டியதில்லை. தூரிகை வாங்கிய சிக்பேட்டைக்கு அடுத்த மெட்ரோ நிலையம் கே.ஆர். மார்க்கெட். பக்கத்தில் திப்பு காலத்துக் கோட்டையின் மிச்சம், டெல்லி வாசலோடு நிற்கிறது. 1791 மார்ச் 7ல் கார்ன்வாலிஸின் படை பேட்டையைத் தாக்கிப் பிடித்தது. மார்ச் 21 இரவில் கோட்டை விழுந்தது. கோட்டையைக் காத்த கில்லேதார் பகதூர் கான் போரிட்டே மடிந்தார். தாக்கிய படையில் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். சுவருக்கு உள்ளே மைசூர்ச் சிப்பாய்கள். இரு பக்கமும் இந்த மண்ணின் ஆட்கள்தான். இன்று அந்தப் பேட்டைத் தெருக்களில்தான் கம்பியும் காகிதமும் பேரம் பேசி வாங்குகிறார்கள்.

ரஷ்யனும் சென்னைச் சிப்பாயும் ஒரே மேஜையில் சந்திக்கக்கூட சரித்திரம் ஒரு சாக்கு வைத்திருக்கிறது. 1801 ஜனவரியில் பால் சக்கரவர்த்தி டான் நதிக் கொஸாக்குகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். இலக்கு, ஆங்கிலேயர் வசமிருந்த இந்தியா. 20,000க்கும் மேற்பட்ட குதிரை வீரர்கள் கடுங்குளிரில் புறப்பட்டார்கள். மார்ச்சில் அரண்மனைச் சதியில் பால் கொல்லப்பட்டார். மகன் அலெக்ஸாந்தர் முதல் வேலையாகப் படையைத் திரும்ப அழைத்தார். திரும்பாமல் வந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு மேஜையும் பகடையும்தான் பதில் சொல்ல முடியும். பெரும்பாலும் சிந்து நதியைக் காண்பதற்கு முன்பே குதிரைகள் செத்திருக்கும் என்றே பதில் வரும்.

ஆட்டம் சொன்னதும் கேட்காததும்

நேர்மையாக ஆடினால் இந்த விளையாட்டு உண்மை பேசும் என்பதற்கு ரஷ்யாவே சாட்சி. 1914 ஏப்ரலில் ரஷ்யத் தளபதிகள் கீவ் நகரில் கூடிப் போர் விளையாட்டு நடத்தினார்கள். கிழக்குப் பிரஷ்யாவுக்குள் இரண்டு படைகள் இரு பக்கமிருந்து நுழைவது திட்டம். இரண்டும் காலம் தவறி, ஒன்றுக்கொன்று கைகொடுக்க முடியாமல் போகும் ஆபத்து ஆட்டத்திலேயே தலைகாட்டியது. திட்டம் திருத்தப்படவில்லை. ஆகஸ்ட் இறுதியில் டானன்பர்க்கில் சாம்ஸோனோவின் படை தனியாக மாட்டிக்கொண்டது. 90,000க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். சாம்ஸோனோவ் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். பொம்மைச் சண்டை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜச் சண்டை எவ்வளவு பெரிய மடத்தனம் என்று புரியும் என வெல்ஸ் முந்திய வருடம்தான் புத்தகத்தின் கடைசியில் வாதாடியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரஷ்யச் சீருடை கர்நாடகத்துக்குப் பொம்மை வடிவில் மட்டும் வரவில்லை. கலபுரகி மாவட்டத்து இளைஞர்கள் சிலர் உதவியாளர் வேலை, நல்ல சம்பளம் என்ற ஏஜெண்டுகளின் பேச்சை நம்பி ரஷ்யா போனார்கள். அங்கே கையில் துப்பாக்கியைக் கொடுத்து உக்ரைன் போர்முனைக்கு அனுப்பியது 2024 தொடக்கத்தில் வெளியே வந்தது. வேறு மாநிலத்தவர்களும் இப்படிச் சிக்கியிருந்தார்கள். அந்த ஜூலையில் பிரதமர் மோடி மாஸ்கோ சென்றபோது விஷயத்தை எழுப்பினார். செப்டம்பரில் கலபுரகி இளைஞர்கள் சிலர் ஊர் திரும்பினார்கள். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் கொடுத்த கணக்கு இது: ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாகத் தெரிந்த இந்தியர்கள் 126. திரும்பியவர்கள் 96. இறந்தவர்கள் 12. எஞ்சிய 18 பேரில் 16 பேர் காணாமல் போனவர்கள்.

இந்தக் கணக்கில் முப்பதுக்கு ஒன்று என்ற விகிதம் கிடையாது, ஒன்றுக்கு ஒன்று. போரோடினோவில் இரு தரப்பிலும் சேர்த்து அன்று ஒரே நாளில் விழுந்தவர்கள் சுமார் 70,000. பொம்மைக் கணக்கில் 2,300. ஒரு பொம்மைக்குத் தலை மாற்றி, பட்டை தீட்டி, பொத்தானுக்குப் புள்ளி வைக்க ஒரு மாலைப் பொழுது ஆகும் என்றால் 2,300 மாலைகள். ஆறு வருடத்துக்கும் மேல். போரின் அளவைப் புத்தகத்தில் படித்தவருக்கும், இப்படி விரலால் எண்ணிப் பார்த்தவருக்கும் வித்தியாசம் உண்டு.

ஆட்டம் முடிந்ததும் சாய்ந்தவர்களை நிமிர்த்தி, எண்ணி, பெட்டியில் அடுக்குவது இந்த விளையாட்டின் வழக்கம். எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருவார்கள். அந்த வசதி பொம்மைகளுக்கு மட்டும்தான்.